‘அழுத்தம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்வேன்’: ஒரு நேர்காணல் பதிலின் ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் ஒரு கணக்காளர். நடுத்தர அளவிலான நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டு அனுபவம் உள்ள பெண். மாத இறுதிக் கணக்கு முடிப்பு, நிறுவன ஏட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல், சம்பளப் பட்டியல், தணிக்கையாளர் கேட்கும் விவரத் தாள்கள் எல்லாம் அவருக்குக் கைவந்த வேலைகள். வேறொரு நிறுவனத்தில் மூத்த கணக்காளர் பதவிக்கு விண்ணப்பித்தார், நேர்காணலுக்கு அழைத்தார்கள், தேர்வாகவில்லை. அதன் பிறகு என்னிடம் வந்தார். நேர்காணலுக்குச் செல்பவர்களைத் தயார்ப்படுத்துவது என் தொழில். அதற்கு முன் தேர்வுக் குழுக்களில் நெடுங்காலம் அமர்ந்திருக்கிறேன். அவருடைய ஒப்புதலோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதைப் பதிவு செய்கிறேன்.

அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். நேர்காணல் முடிந்த அன்று மாலையே, கேட்ட கேள்விகளையும் தாம் சொன்ன பதில்களையும் நினைவில் இருந்தபடியே எழுதி வைத்திருந்தார். நேர்காணலுக்குப் போகும் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வேன். ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்தால், என்ன சொன்னோம் என்பது மங்கி, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதே மனத்தில் நிற்கும்.

குறிப்பைப் படித்தபோது கணக்கியல் கேள்விகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. தேய்மானம், ஒதுக்கீடுகள், தணிக்கை ஆட்சேபங்களுக்கு மறுமொழி எழுதுவது என எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தார். சிக்கல் பிற்பாதியில் தொடங்கியது.

முதல் நேர்காணலில் நடந்தது

குழுவில் மூன்று பேர். நிதிப் பிரிவின் தலைவர் கேட்டார்: “வேலை அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?”

அவர் பதில்: “எனக்கு அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. சொல்லப்போனால் அழுத்தம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்வேன். எவ்வளவு வேலை வந்தாலும் இரவு தங்கியாவது முடித்துவிடுவேன். தினமும் காலையில் தியானம் செய்கிறேன். அது மனத்தை அமைதியாக வைத்திருக்கிறது.”

அடுத்த கேள்வி: “அழுத்தம் அதிகமாக இருந்தபோது கடைசியாக ஒரு தவறு நேர்ந்தது எப்போது? என்ன செய்தீர்கள்?”

“அப்படித் தவறு நேர்ந்ததில்லை. எப்போதும் இரண்டு முறை சரிபார்த்துவிடுவேன்.”

மூன்றாவது கேள்வியை மனிதவள அலுவலர் கேட்டார்: “இப்போதைய வேலையில் உங்களுக்கு மிகவும் அழுத்தம் தருவது எது?” இதற்கு அவர் சற்று நீளமாகவே பேசிவிட்டார். பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். இன்னொருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். மூவரின் வேலையும் தம் தலையில் விழுந்தது. மேலாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இவை எல்லாம் உண்மைதான். ஆனால், அழுத்தமே ஒரு பிரச்சினை இல்லை என்று சொல்லிச் சில நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு குழு கேட்டவை சடங்குக் கேள்விகள். எப்போது சேர முடியும், எதிர்பார்க்கும் ஊதியம் என்ன என்று கேட்டு முடித்துவிட்டார்கள்.

குழு அந்தக் கேள்வியால் எதைத் தேடுகிறது

‘அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்று கேட்கும் குழுவுக்கு, அந்த மனிதருக்கு அழுத்தம் தோன்றுமா என்பதில் அக்கறை இல்லை. எல்லோருக்கும் தோன்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். அழுத்தம் ஏறும்போது இவருடைய வேலை எப்படி மாறும் என்பதைத்தான் அறிய விரும்புகிறார்கள். வேகம் கூடித் தரம் குறையுமா? எதையாவது தள்ளிப் போடுவாரா, அப்படியானால் எதை? கைமீறிப் போகிறது என்று தெரிந்ததும் மேலாளரிடம் சொல்வாரா, அல்லது கெடு முடிந்த மறுநாள் சொல்வாரா? நான் குழுவில் இருந்தபோது என் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் தீர்மானித்தது இந்தக் கடைசிக் கேள்விதான். தாமதத்தை முன்கூட்டிச் சொல்லும் ஊழியரை வைத்துக்கொண்டு எந்த நெருக்கடியையும் கடந்துவிடலாம். திறமைசாலியே ஆனாலும், கெடுவுக்கு முந்தைய இரவு வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவரால் ஒரு பிரிவே கவிழும்.

கேள்விகள் பழைய நிகழ்ச்சிகளைக் கிளறுவதற்கும் காரணம் உண்டு. ஒரு வேலையில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்துக் காட்டும் திட்டவட்டமான நிகழ்வுகளைத் திரட்டி ஆராயும் முறையை ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படைக்காக நடந்த ஆய்வுகளில் உருவான முறை அது. 1980-களில் இது நேர்காணல் அறைக்குள் வந்தது. ‘இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்பது ஒரு வகை. ‘இப்படி ஒரு நிலைமையில் முன்பு என்ன செய்தீர்கள்’ என்று கேட்பது இன்னொரு வகை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல், மனம்போன போக்கில் நடக்கும் உரையாடலைவிட, வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை நன்றாகக் கணிக்கிறது. ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51 என்ற தொடர்புக் கெழுவையும் (1-ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியம்) மற்றதற்கு 0.38-ஐயும் தந்தது. சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் கணக்கிடும் முறையைத் திருத்தியபோது எண்கள் இறங்கின. ஆனாலும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 பெற்று, அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் முதலிடத்தில் நின்றது.

இதனால் விண்ணப்பதாரருக்கு என்ன? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கிறது. அதில் ‘பொதுவாகப் பேசினார், எடுத்துக்காட்டு இல்லை’ என்பது கீழ்ப்படி. ‘நிகழ்வைச் சொன்னார், எடுத்த முடிவையும் காரணத்தையும் விளக்கினார், விளைவைச் சொன்னார்’ என்பது மேல்படி. நம் கணக்காளரின் முதல் பதிலில் ஒரு நிகழ்வுகூட இல்லை. அவர் எவ்வளவு உண்மையானவராக இருந்தாலும் அந்தத் தாளில் அவருக்கு இடுவதற்கு மதிப்பெண் இல்லை.

‘அழுத்தம் பிடிக்கும்’ என்பதன் பழைய வேர்

அவருடைய முதல் வாக்கியத்தைப் பலரும் சொல்கிறார்கள். அழுத்தம் கொஞ்சம் இருந்தால் செயல்திறன் கூடும் என்று எங்கோ கேட்ட நம்பிக்கை அது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் செய்த சோதனையைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். அந்தச் சோதனை நடந்தது எலிகளை வைத்து. வெளிச்சமான பெட்டியையும் இருண்ட பெட்டியையும் பிரித்தறியக் கற்கும் எலிகள் தவறு செய்தால் மின் அதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமானபோது கடும் அதிர்ச்சி கற்பதைக் கெடுத்தது. அலுவலக ஊழியரின் அழுத்தத்துக்கு இந்தச் சோதனையிலிருந்து நேரடியாக எதையும் எடுத்து ஒட்ட முடியாது. அப்படியே ஒட்டினாலும் அது சொல்வது இதைத்தான்: நுணுக்கமான வேலைக்கு அதிக அழுத்தம் ஆகாது.

கணக்கு வேலை நுணுக்கமான வேலை. இரவு தங்கிச் சேர்த்த தொகையில் இலக்கம் இடம் மாறும் என்பது கணக்குப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நிதிப் பிரிவின் தலைவரிடம் போய் ‘இரவு தங்கியாவது முடித்துவிடுவேன்’ என்றால், அவர் காதில் விழுவது உழைப்பு அல்ல. மறுநாள் காலையில் யாரோ தேட வேண்டிய பிழை.

தியானத்தைப் பற்றியும் ஒரு சொல். அதைச் சொன்னது குற்றமில்லை. லாசரஸ், ஃபோல்க்மன் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் சமாளிப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: அழுத்தம் தரும் சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று, அது நமக்குள் எழுப்பும் உணர்வைச் சீர்செய்துகொள்வது மற்றொன்று. நம் கையில் எதுவும் இல்லாதபோது இரண்டாவது வழிதான் அறிவுடைமை. ஆனால் அலுவலகம் கேட்பது முதலில் முதல் வகையை. வேலையில் என்ன செய்தார் என்று சொன்ன பிறகு, தன்னை எப்படிப் பேணிக்கொள்கிறார் என்று ஒரு வரி சொன்னால் அது பொருந்தும். தியானமோ ஓட்டமோ மட்டும் பதிலாக நின்றால், வேலையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்று ஆகிவிடும்.

அவர் சொல்லாமல் விட்ட நிகழ்வு

எங்கள் இரண்டாவது சந்திப்பில், ‘மூவரின் வேலை ஒருவர் தலையில் விழுந்தது’ என்றாரே, அந்த மாதத்தைப் பற்றி மட்டும் பேசச் சொன்னேன். எந்த நாள், என்ன வேலை, எந்த எண் என்று தூண்டித் தூண்டிக் கேட்டேன். அப்போது வெளிவந்தது இது.

மாத இறுதி. அந்த வாரத்தில் நான்கு வேலைகள் ஒன்றாக வந்து நின்றன: சம்பளப் பட்டியல், வங்கிச் சரிகட்டும் பட்டியல், சரக்கு வழங்குநர்களின் கணக்கு அறிக்கைகளை நம் பேரேட்டோடு ஒப்பிடுவது, தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய விவரத் தாள்கள். மூன்றாம் நாள் மாலை, எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வை எடுத்தபோது பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் 2,700 வித்தியாசப்பட்டன. ஒரு தொகை பக்கம் மாறி ஏறினால் வித்தியாசம் அதன் இரண்டு மடங்காகும் என்பதால், பாதித் தொகையான 1,350 அப்படி ஏறியிருக்குமோ என்று தேடினார், கிடைக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வித்தியாசத்தை, காரணம் தெரியும்வரை தொகையைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு இருப்பாய்வைச் சமன் செய்து, விவரத் தாள்களை அனுப்பிவிடலாம். உடனே யாரும் கேட்கப் போவதில்லை.

அவர் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்பே, ஒரு தாளில் நான்கு வேலைகளையும் எழுதி மேலாளரிடம் எடுத்துப்போனார். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்கள்: எப்போது முடியும், தாமதமானால் யாருக்குப் பாதிப்பு, யாரால் தள்ளி வைக்க முடியும். சம்பளத்தைத் தள்ள முடியாது. வழங்குநர் அறிக்கைகள் ஒரு வாரம் தள்ளினாலும் எவருக்கும் பணம் நிற்காது. தணிக்கையாளரிடம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்க மேலாளரால் மட்டுமே முடியும். ‘இந்த இரண்டையும் தள்ளினால் சம்பளமும் வங்கிப் பட்டியலும் பிழையில்லாமல் முடியும்’ என்றார். மேலாளர் முணுமுணுத்தார், ஆனால் தணிக்கையாளரை அழைத்துப் பேசினார்.

அன்று முற்பகலே வித்தியாசம் கிடைத்துவிட்டது. 2,700 ஒன்பதால் வகுபடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது பழைய கணக்கர்கள் கையாளும் சோதனை. அவருக்கு அது நன்றாகத் தெரியும். களைத்திருந்த மாலையில் தோன்றவில்லை, அவ்வளவுதான். 5,830 என்ற தொகை பேரேட்டில் 8,530 என்று ஏறியிருந்தது. ஏற்றியவரும் அவரேதான், இருப்பாய்வு எடுத்ததற்கு முந்தைய நாள் இரவு, நேரங்கடந்து.

அதன் பிறகு, வங்கிச் சரிகட்டலை மாத இறுதிக்கு விடாமல் வாரந்தோறும் செய்யும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். கணக்கு முடிப்புக்கான நாட்காட்டி ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டினார். மேலாளர் அதை மற்ற பிரிவுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்.

“இதை ஏன் அங்கே சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“உதவி கேட்டேன் என்று சொன்னால், வேலையைத் தாங்க முடியாதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா, சார்?”

இந்த நிகழ்வின் மையம் இந்தக் கேள்விதான். 9 ஆண்டு அனுபவத்தில் அவர் செய்த மிகச் சிறந்த செயல்களில் ஒன்றைப் பலவீனம் என்று கருதி ஒளித்து வைத்திருந்தார். அதற்குப் பதிலாக யாரும் நம்பாத வீரத்தை முன்வைத்தார். தேர்வுக் குழு தேடிக்கொண்டிருந்த அத்தனையும் ஒளித்து வைத்ததில் இருந்தது: அழுத்தத்தில் தவறு நேரும் என்ற அறிவு, மறைக்க வழி இருந்தும் மறைக்காத நேர்மை, எதைத் தள்ளலாம் என்ற தேர்ந்த கணிப்பு, கெடுவுக்கு முன்பே வாய் திறந்த துணிச்சல், அடுத்த மாதம் அதே நெருக்கடி வராதபடி செய்த மாற்றம். நேர்காணலுக்குத் தயாராகும் பலரிடம் இதே கூச்சத்தைப் பார்க்கிறேன். உதவி கேட்ட தருணத்தை வெட்கமாகவும், தனியே மாய்ந்த இரவைப் பெருமையாகவும் நினைக்க அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதிலைச் செதுக்கியது

நிகழ்வு கிடைத்துவிட்டது. அதைச் சொல்வது அடுத்த வேலை. முதல் முறை அவர் சொன்னபோது பாதி நேரம் பின்னணிக்கே போயிற்று: யார் விடுப்பில் போனார், ஏன் போனார், மேலாளர் எப்படிப்பட்டவர். கேட்பவருக்கு இவை வேண்டாம். ‘இரண்டு பேர் இல்லாத மாத இறுதியில் நான்கு வேலைகள் ஒன்றாக வந்தன’ என்ற ஒரே வாக்கியம் போதும். அதிலேயே பழைய நிறுவனத்தின் மீதான மனக்குறையும் தானாக உதிர்ந்துவிடுகிறது. ஆள் குறைவு ஒரு தகவலாக நிற்கிறது, புகாராக ஒலிப்பதில்லை.

அதற்கு நேர்மாறாக, மேலாளரிடம் காட்டிய தாளைப் பற்றி அவர் ஒரே வரியில் கடந்துபோனார். அங்கேதான் நிற்க வேண்டும் என்றேன். நான்கில் எதைத் தள்ளினார், ஏன் அதைத் தள்ளினார், எதைத் தொடவே இல்லை என்பதைச் சொல்லும்போதுதான் கேட்பவருக்கு அவருடைய மூளை தெரிகிறது. ‘முன்னுரிமை கொடுத்துச் செய்வேன்’ என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். வழங்குநர் அறிக்கையைத் தள்ளினால் யாருக்கும் பணம் நிற்காது என்ற கணிப்பை, அந்த வேலையைச் செய்தவரால் மட்டுமே சொல்ல முடியும்.

பிழை தம்முடையதே என்பதைச் சொல்ல அவர் தயங்கினார். சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினேன். ‘தவறே நேர்ந்ததில்லை’ என்ற பதில் முதல் நேர்காணலில் அவருக்குச் செய்த கேடு பெரிது. தவறு செய்யாத கணக்காளரை யாரும் பார்த்ததில்லை. தவறைத் தாமே கண்டுபிடித்தவரைத்தான் தேடுகிறார்கள்.

மனப்பாடம் செய்ய விடவில்லை. எண்களையும் முடிவுகளையும் மட்டும் நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லச் சொன்னேன். ஒப்பித்த பதில் இடைமறிக்கும் முதல் கேள்வியிலேயே அறுந்துவிடும்.

நேர்காணலே ஓர் அழுத்தம்

அவர் முதல் நேர்காணலில் அப்படிப் பதில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தத்தைப் பற்றிய கேள்விக்கு அழுத்தத்தின் நடுவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மனிதருக்கு அழுத்தம் உண்டாக்க உளவியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று போலி நேர்காணல்தான். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான டிரியர் சமூக அழுத்தச் சோதனையில், பங்கேற்பவர் தம்மை வேலைக்கு விண்ணப்பித்தவராகக் கருதி, முகத்தில் சலனம் காட்டாத ஒரு குழுவின் முன் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலானவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. ஆகவே உள்ளங்கை வியர்ப்பதும் நா வறள்வதும் தம் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதற்குச் செய்யக்கூடியவை எளியவை. கேள்வி முடிந்ததும் ‘ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்’ என்று கேட்டுக்கொள்வது முழு உரிமை. எந்தக் குழுவும் அதற்காக மதிப்பெண் குறைத்து நான் கண்டதில்லை. பதற்றத்தை அடக்கி அமைதியாகிவிட முயல்வதும் அவ்வளவு பயன் தருவதில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். இதயம் வேகமாக அடிப்பதை நிறுத்துவது கடினம். அதற்கு வேறு பெயர் சூட்டுவது எளிது.

வேண்டுமென்றே அதட்டி, குறுக்கே பேசி, விண்ணப்பதாரரை நிலைகுலைய வைக்கும் நேர்காணல் முறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தியது. பொய் அடையாளத்தோடு எதிரி நாட்டில் விசாரிக்கப்படக்கூடியவருக்கு அந்தச் சோதனை பொருந்தும். கணக்காளருக்கோ செவிலியருக்கோ அது எதையும் அளப்பதில்லை. அப்படி நடத்தும் குழுவைக் கண்டால், அந்த நிறுவனம் தன் ஊழியரை எப்படி நடத்தும் என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

விடுப்பைப் பற்றிய கேள்வி

தயாரிப்பின்போது அவர் தணிந்த குரலில் கேட்டது ஒன்று. அந்த நெருக்கடியான ஆண்டின் கடைசியில் தூக்கம் கெட்டு, மருத்துவரைப் பார்த்து, சில வாரங்கள் விடுப்பில் இருந்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணிச் சோர்வை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றும், தொழில் சார்ந்த ஒரு நிலை என்றும் வரையறுக்கிறது. ஆற்றல் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, வேலைத் திறன் குறைவது என்பவை அதன் மூன்று அடையாளங்கள். அதைக் கடந்து வந்தவர் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனாலும் மருத்துவ விவரம் அவருக்குச் சொந்தம். நேர்காணல் அறைக்கு அது கடன்படவில்லை. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலத்தைப் பற்றிக் கேட்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்திலும், நேரடியாகக் கேட்டால், ‘உடல்நலக் காரணத்தால் விடுப்பில் இருந்தேன், இப்போது முழுமையாக வேலை செய்ய முடிகிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இன்னும் தேறவில்லை என்றால் நேர்காணலைச் சற்றுத் தள்ளிப் போடுவதே நல்லது.

இரண்டாவது நேர்காணல்

வேறொரு நிறுவனம், அதே நிலைப் பதவி. கேள்வி இம்முறை உருமாறி வந்தது: “ஒரே நேரத்தில் எல்லாமே அவசரம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்?” கற்பனை நிலைமையைக் கேட்டாலும் நடந்ததைச் சொல்லலாம் என்று முன்பே பேசியிருந்தோம். சற்று நிதானித்து, “அப்படி ஒரு மாத இறுதி உண்மையாகவே வந்தது” என்று தொடங்கினார். நான்கு வேலைகள், 2,700, மூடிய கோப்பு, காலைத் தாள், 5,830 என்ற தொகை, நாட்காட்டி எல்லாம் வந்தன. 2,700 என்ற எண்ணைச் சொன்னதுமே குழுவில் ஒருவர், “ஒன்பதால் வகுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார். “முதல் நாள் மாலை பார்க்கவில்லை. அதனால்தான் வீட்டுக்குப் போனது நல்லதாயிற்று” என்றாராம். அந்தப் பதிலுக்கு ஒத்திகை கிடையாது.

அடுத்து வந்த கேள்வியும் நாங்கள் எதிர்பார்க்காதது: “மேலாளர் மறுத்திருந்தால்?”

அவர் சொன்னது: “மறுத்திருந்தால் கெடுவுக்குள் அனுப்பியிருப்பேன். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைத்திருப்பேன். ஆனால், தீராத வித்தியாசம் 2,700 என்று விவரத் தாளில் எழுதி, எப்போது தீரும் என்ற தேதியும் போட்டிருப்பேன். மேலாளர் சொன்னதற்காகக் கெடுவை ஏற்றுக்கொள்வேன். வித்தியாசத்தை மறைக்க மாட்டேன்.”

நான் குழுவில் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கே என் முழு மதிப்பெண்ணையும் கொடுத்திருப்பேன். எது தம் அதிகாரத்துக்கு உட்பட்டது, எது அப்பாற்பட்டது, எதை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற மூன்றும் சில வாக்கியங்களில் தெளிவாகிவிட்டன.

எல்லாம் சரியாக அமையவில்லை. நிகழ்வைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் அதிகமாகத் தேவைப்பட்டது. நாட்காட்டிக்கு வரும் முன்பே மனிதவள அலுவலர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த நெருக்கடியைத் தடுத்த மாற்றம்தான் மூத்த பதவிக்கு முக்கியமான பகுதி. அது சுருங்கிப்போயிற்று. இரண்டு நிமிடத்துக்குள் முடியும்படி இன்னும் செதுக்கியிருக்க வேண்டிய பதில் அது.

அவர் திருப்பிக் கேட்டது

பணியிட அழுத்தத்தைப் பற்றி ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த மாதிரி ஒன்று உண்டு. வேலைப் பளு அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை நசுக்குவதில்லை. பளு அதிகமாகவும் அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலையே மிகவும் நசுக்குகிறது என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வுகளிலும், வேலையின் மீது கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. எனவே வேலை தேடுபவர் அறிய வேண்டியது ‘வேலை அதிகமா’ என்பதைவிட, ‘வேலை அதிகமானால் என் பேச்சுக்கு இடமிருக்குமா’ என்பது.

நேர்காணலின் கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா’ என்று கேட்டபோது அவர் இரண்டு கேட்டார். மாத இறுதியில் வேலைகள் மோதினால் எதை முதலில் முடிப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பிரிவில் இப்போது காலியிடங்கள் உண்டா? நிதி மேலாளர் ஒளிக்காமல் பதில் சொன்னார். முன்னுரிமையைப் பிரிவே பேசி முடிவு செய்யலாம். ஆனால் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். ஐந்தாவது இடம் எப்போது நிரம்பும் என்று அவர் கேட்டதற்கு உடனே பதில் இல்லை.

வேலை அவருக்குக் கிடைத்தது. இந்த ஒரு பதிலால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய கணக்கியல் அறிவு முதல் நேர்காணலிலும் குறைவாக இல்லை. ஊதியம் பேசும்போது காலியிடத்தைப் பற்றி மீண்டும் கேட்டார். ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்புக்கு முன் ஆள் எடுக்கப்படும் என்று எழுத்தில் தந்தார்கள். அதைப் பெற்ற பிறகே ஒப்புக்கொண்டார்.

பிற வேலைகளுக்கு

இந்த நிகழ்வில் அழுத்தம் கெடுவிலிருந்து வந்தது. வாடிக்கையாளர் சேவை, மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் அது மனிதரிடமிருந்து வருகிறது. கோபத்தோடு பேசுபவர், அழுபவர், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர். அங்கே குழு தேடும் நிகழ்வும் வேறு: குரலை உயர்த்தாமல் எந்த இடத்தில் எல்லை வகுத்தீர்கள், எப்போது மேலதிகாரியை அழைத்தீர்கள், அடுத்து வந்தவரிடம் அந்தக் கோபத்தைக் காட்டாமல் இருக்க என்ன செய்தீர்கள். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறவர் குழுவாகச் செய்த செயல்திட்டத்தைச் சொல்லலாம். ஒருவர் பாதியில் விலகியபோது வேலையை எப்படிப் பங்கிட்டீர்கள், ஆசிரியரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதில் எல்லாமே வந்துவிடும். தேர்வுக்கு இரவெல்லாம் விழித்துப் படித்ததை மட்டும் சொல்ல வேண்டாம்.